ராமேஸ்வரம் கோபுரத்தைப் பேனாவும் வாட்டர்கலரும் கொண்டு வரைவது எப்படி

அக்னி தீர்த்தம் எனப்படும் கடற்கரையில் உட்கார்ந்து ராமநாதசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரத்தை வரைய விரும்பும் புதியவர்களுக்கு முதலில் ஒரு சேதி: கடலும் கோபுரமும் ஒரே படத்தில் வராது. கோபுரம் மேற்கே, கடல் கிழக்கே, நடுவில் நீங்கள். இரண்டையும் ஒரே தாளில் திணித்தால் இல்லாத ஓர் ஊரை வரைந்ததாக ஆகிவிடும். ஸ்கெட்ச் புத்தகத்தை விரித்து ஒரு பக்கத்தில் கோபுரத்தையும் மறுபக்கத்தில் திரும்பி உட்கார்ந்து கடலையும் வரையலாம். ஒரே காலையில் இரண்டும் முடியும். கோபுரத்தில் தொடங்குங்கள், வெளிச்சம் அதற்குத்தான் சீக்கிரம் மாறும்.

எப்போது, எங்கே

கோபுரத்தின் முகம் கிழக்கு. ஆகவே காலை வெயில்தான் அதற்கு. மதியத்துக்கு மேல் முகம் முழுக்க நிழலாகி, பின்னால் கூசும் வானம்தான் மிஞ்சும். மாலை மட்டுமே நேரம் கிடைக்கும் என்றால் மேற்குக் கோபுரத்துக்குப் போய்விடுங்கள். ஐந்து நிலை, 78 அடி. கிழக்கைவிடச் சிறியது, பழகுவதற்கு உண்மையில் அதுவே நல்லது.

மாதத்தைப் பொறுத்து நிழல் பக்கம் மாறும். மார்கழி, தையில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால், மேற்கு பார்த்து உட்காரும் உங்களுக்குக் கோபுரத்தின் இடப்பக்கம் வெயிலும் வலப்பக்கம் நிழலுமாக இருக்கும். வைகாசி, ஆனியில் இது தலைகீழ். பங்குனியிலும் புரட்டாசியிலும் சூரியன் ஏறக்குறைய நேர் முதுகுக்குப் பின்னால் எழும். அப்போது ஏழு மணிக்குக் கோபுரம் தட்டையாக, அட்டையில் வெட்டி நிறுத்தியது போல் தெரியும். அந்த மாதங்களில் எட்டரை வரை பொறுத்தால் சூரியன் மேலேறி, ஒவ்வொரு நிலையின் கொடுங்கைக்குக் (வெளியே நீளும் வளைந்த விளிம்பு) கீழும் ஒரு நிழல் பட்டை விழும். அந்தப் பட்டைகள்தான் கோபுரத்துக்குக் கனம் கொடுப்பவை.

கரையில் மேட்டுப் பக்கமாக, ஆள் நடமாட்டத் தடத்தைவிட்டு விலகி இடம் பிடியுங்கள். கடலில் குளித்தவர்கள் ஈர உடையோடு நேரே கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் நீராடப் போவார்கள். அந்த வழியில் உட்கார்ந்தால் பாதி காய்ந்த வாஷின்மேல் (தண்ணீராகக் கரைத்துப் பரப்பிய வண்ணம்) ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விழும், அந்த இடம் காலிஃபிளவர் மாதிரி பூத்துவிடும். அதை எடுக்கவே முடியாது. ஆடி, தை, மகாளய அமாவாசை நாட்களில் போகவே வேண்டாம், உட்கார இடம் இருக்காது. கோயிலுக்குள் செல்போனுக்கும் கேமராவுக்கும் அனுமதி இல்லை. பிராகாரத்தை வரையும் ஆசை இருந்தால் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். தீர்த்தமாடுபவர்களால் தரை ஈரமாகவே கிடக்கும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வெயில் முதுகில் படும்படி உட்காருவதில் ஒரு லாபம்: உங்கள் நிழலே தாளின்மேல் விழும். நேர் வெயில் விழும் தாளில் எவ்வளவு அடர்த்தியாகப் பூசினாலும் வெளிறியே தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். வெயில் ஏறி நிழல் சுருங்கியதும் இடத்தை மாற்றுங்கள் அல்லது குடையை விரியுங்கள்.

பையில் என்ன

தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்), வாட்டர்கலருக்கென்றே வருவது. ஏ5 அளவு போதும். அதைவிடப் பெரிதானால் கடற்காற்றில் பாய்மரம்தான். 150 ஜிஎஸ்எம் தாள் ஒரு வாஷிலேயே அலை அலையாக நெளிந்து, பள்ளத்தில் வண்ணம் தேங்கும். நாலு மூலைக்கும் நாலு கிளிப். புத்தகத்துக்கு அடியில் ஒரு கெட்டி அட்டை.

பேனா 0.1, 0.3, 0.5 என்று மூன்று, தண்ணீரில் கரையாத பிக்மென்ட் மை கொண்டவை. ஜெல் பேனாவை நம்பாதீர்கள், பெரும்பாலானவை பிரஷ் பட்டதும் ஊறிக் கலங்கும். எந்தப் பேனாவானாலும் கிளம்புமுன் வீட்டில் ஒரு சோதனை: அதே தாளில் மூன்று கோடுகள் இழுத்து, ஒன்றை ஒரு நிமிடத்திலும் அடுத்ததை ஐந்து நிமிடத்திலும் மூன்றாவதை அரைமணியிலும் ஈரப் பிரஷால் தடவிப் பாருங்கள். எது அசையவில்லையோ அதுவே அந்தப் பேனாவுக்கு நீங்கள் தரவேண்டிய நேரம். கடலோர ஈரக் காற்றில் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஃபவுண்டன் பேனா பிடித்தவர்கள் அதற்கென்று விற்கும் கரையாத மையைப் போடலாம். இந்தியன் இங்கை மட்டும் ஊற்றவேண்டாம், அதிலுள்ள அரக்கு காய்ந்து பேனாவையே அடைத்துவிடும்.

வண்ணம் ஆறு போதும்: யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, லைட் ரெட், அல்ட்ராமரைன், கோபால்ட் நீலம், சாப் கிரீன். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால் எல்லா சாம்பலும் கறுப்புக்குக் கிட்டத்தட்ட வரையிலும் கிடைக்கும். பிரஷ் இரண்டு: 8ஆம் எண்ணும் 4ஆம் எண்ணும், உருண்டை முனை. பழைய பருத்தித் துணி, ஒரு ஹெச்பி பென்சில், அரை லிட்டர் குடிதண்ணீர், மூடியுள்ள இரண்டு சின்ன டப்பா. ஒன்று பிரஷ் கழுவ, மற்றது வண்ணம் கலக்க.

கடல் நீரை மொண்டு வரைந்தால் புண்ணியம், அதோடு தாளில் நல்ல சொரசொரப்பும் வரும் என்று சிலர் ஆசைப்படுவதுண்டு. சொரசொரப்பு வரும்தான். ஆனால் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், தாள் மழைக்காலம் தோறும் நமுத்துப்போகும், பிரஷின் உலோகக் கழுத்தும் துருப்பிடிக்கும்.

தீப்பெட்டிப் படம்

நேராகப் படத்தில் கை வைக்காமல், புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம் போட்டு, பென்சிலால் மூன்றே அடர்த்தியில் நிரப்புங்கள்: வெள்ளை, நடுத்தரம், இருட்டு. வானம் நடுத்தரம், கோபுரத்தின் வெயில் பக்கம் வெள்ளை, நிழல் பக்கமும் வாசலும் இருட்டு, கடைத்தெரு நடுத்தரம். மூன்று நிமிட வேலை. இதைச் செய்யாதவர்கள்தான் பிறகு வானத்தையும் கோபுரத்தையும் ஒரே அடர்த்தியில் பூசிவிட்டு, படம் ஏன் எழும்பவில்லை என்று பேனாவால் சுற்றிச் சுற்றி வரைகிறார்கள்.

ராமேஸ்வரம் இதற்கு நல்ல பாடசாலை. இங்கே கோபுரம் பல வண்ணப் பொம்மைகள் நிரம்பியதல்ல, வெளிறிய சந்தன நிறம். அதனால் வண்ணத்தில் மயங்காமல் ஒளியையும் நிழலையும் மட்டும் பார்க்கலாம். மதுரையில் இந்தச் சலுகை கிடைக்காது.

பென்சில் சட்டம்

கிழக்குக் கோபுரம் 126 அடி, ஒன்பது நிலை. கரையிலிருந்து கோயில் சுமார் 100 மீட்டர். அந்தத் தூரத்தில் கையை முழுக்க நீட்டி அளந்தால் கோபுரம் 23 சென்டிமீட்டர் அளவுக்கு வரும், ஏ5 தாளின் உயரமே 21தான். கண்ணில் தெரியும் அளவிலேயே வரைய ஆரம்பித்தால் கலசம் தாளுக்கு வெளியே போவது இதனால்தான். பாதியாக்கி, 12 சென்டிமீட்டரில் வரையுங்கள்.

வரிசை இது. முதலில் உச்சியையும் தரையையும் இரண்டு சிறு கோடுகளால் குறியுங்கள். நடுவே ஒரு செங்குத்துக் கோடு. ஸ்கேல் வேண்டாம், ஆனால் புத்தகத்தின் ஓரத்துக்கு இணையாக இருக்கட்டும். பிறகு அடி அகலத்தைப் பென்சிலில் அளந்து, உயரத்தில் அது எத்தனை பங்கு என்று பாருங்கள். புதியவர்கள் கோபுரத்தை எப்போதும் ஒல்லியாக்குவார்கள், நிமிர்ந்து பார்க்கும்போது உயரம்தான் மனதை நிறைக்கும் என்பதால். அளவை நம்புங்கள்.

இனி நிலைகள். கீழே கல்லாலான பகுதிக்கு 2.8 செ.மீ., உச்சியில் சாலைச் சிகரமும் (நீண்ட படகு வடிவக் கூரை) கலசங்களும் சேர்ந்து 2 செ.மீ. நடுவில் மிஞ்சுவது 7.2 செ.மீ. இதை ஒன்பதால் வகுத்து எட்டெட்டு மில்லிமீட்டராகப் போட்டால் கோபுரம் மாடிக் கட்டடம் ஆகிவிடும். நிலைகள் மேலே போகப் போகக் குறுகுபவை. கீழ்நிலைக்கு 10 மி.மீ., அதற்கு மேல் 9.5, பிறகு 9 என்று அரை அரை மில்லிமீட்டராகக் குறைத்து வந்தால் ஒன்பதாவது 6 மி.மீ., கூட்டினால் சரியாக 7.2 செ.மீ. இது கைக்கு ஒரு பிடிமானம், அவ்வளவே. எதிரே நிற்பதோடு ஒப்பிட்டு, நிலைகளை எண்ணி, வேண்டிய இடத்தில் திருத்திக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டுக் கோடுகளை ஸ்கேல் வைத்தது போல் இழுக்காதீர்கள். உற்றுப் பார்த்தால் உள்நோக்கிய ஒரு மெல்லிய வளைவு தெரியும். அடியில் கொஞ்சம் விரிந்து, மேலே போகப் போக நிமிரும். இந்த வளைவு இல்லாத கோபுரம் பிரமிடு போலாகிவிடும். கல் பகுதியின் பக்கச் சுவர்களோ கிட்டத்தட்டச் செங்குத்து. சரிவு அதற்கு மேல் தொடங்குகிறது.

பென்சில் வேலை இங்கேயே முடிய வேண்டும். பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

பேனா

0.3 பேனாவில் தொடங்குங்கள், உச்சியிலிருந்து கீழாக. மேலிருந்து வந்தால் கை ஈர மையில் உராயாது. சிகரம் கவிழ்த்த படகு போன்ற ஒரு வடிவம். இரு முனைகளிலும் நாசி என்னும் வளைவு முகப்பு. அதன் முதுகில் கலசங்கள். ஒன்பது நிலைக் கோபுரத்துக்கு ஒன்பது கலசம் என்பது மரபு. தாளில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளியும் மேலே ஒரு முள்ளும், அவ்வளவுதான். இடைவெளி மட்டும் சீராக இருக்கட்டும். கலச வரிசை கோணலானால் யாருக்கும் உடனே தெரிந்துவிடும்.

இனிதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். நிலைகளில் உள்ள ஒவ்வொரு சுதைச் சிற்பத்தையும் வரைய இறங்கினால் ஒரு மணி நேரத்தில் மூன்றாவது நிலையில் நிற்பீர்கள், கோபுரம் சல்லடைக் கண்ணாக இருக்கும். வேண்டியது மூன்றே விஷயம்.

ஒன்று, ஒவ்வொரு நிலையின் நடுவிலும் உள்ள வாசல். இவற்றை 0.5 பேனாவால் கறுப்பாக நிரப்புங்கள். ஒன்பது கறுப்புக் கட்டங்கள், கீழே நகத்தின் பாதி, மேலே எள்ளளவு. இந்தக் கறுப்பு ஏணிதான் கோபுரத்தின் முதுகெலும்பு. இது மையக் கோட்டைவிட்டு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கோபுரம் சாய்ந்தது போல் தெரியும். அதனால் இவற்றை முதலில் போடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இரண்டு, கொடுங்கைகளின் அடிக்கோடு. நிலையைப் பிரிக்கும் இந்தப் படுக்கைக் கோட்டை ஒரே இழுப்பில் போடாமல், வெயில் பக்கம் விட்டு விட்டு, நிழல் பக்கம் சேர்த்து அழுத்திப் போடுங்கள். எல்லா நிலைகளும் உங்கள் கண் மட்டத்துக்கு மேலே இருப்பதால், கோபுரத்தின் பக்கச் சுவரும் தெரியும்படி சற்று ஒதுங்கி உட்கார்ந்திருந்தால், அந்தச் சுவரின் கோடுகள் பின்னோக்கிப் போகப் போகக் கீழே இறங்கும். மேல் நிலைகளில் அதிகமாக, கீழே குறைவாக. மேலே ஏறுவது போல் போட்டால் கோபுரத்தைப் பறவை பார்ப்பதாகிவிடும்.

மூன்று, சிற்பங்களின் சாயல். 0.1 பேனாவால் ஒரு நிலைக்கு ஐந்தாறு சுழிப்புகள், நிழல் பக்கத்தில் மட்டும். வெயில் பக்கம் தாள் சும்மா கிடக்கட்டும்.

வெயில் படும் வெளி விளிம்புக் கோட்டையும் இரண்டு மூன்று இடத்தில் அறுத்துவிடுங்கள். முழுக் கோட்டால் சுற்றிய கோபுரத்துக்குள் எவ்வளவு நன்றாக வாஷ் கொடுத்தாலும், குழந்தைகளின் வண்ணம் தீட்டும் புத்தகம் மாதிரியே இருக்கும்.

மனிதர்கள்

ஆள் இல்லாத அக்னி தீர்த்தம் பொய். தாளில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான உருவங்கள் போதும்: தலைக்கு ஒரு புள்ளி, உடலுக்கு ஒரு முக்கோணம் அல்லது நீள்சதுரம், காலுக்குக் குறுகும் ஒரு கீற்று. பாதங்களை வரையவேண்டாம், வரைந்தால் ஆள் தரையில் ஒட்டிக்கொள்வார். நீங்கள் தரையில் உட்கார்ந்திருந்தால் உங்கள் கண் மட்டம் நிற்பவர்களின் இடுப்புக்கு அருகில். சமதரையில் நிற்கும் எல்லோருடைய இடுப்பையும் அந்த ஒரே கோட்டில் வையுங்கள், தூரத்தில் நிற்பவர் சிறியவராகவும் பக்கத்தில் நிற்பவர் பெரியவராகவும் இருந்தாலும். இந்த ஒரு விதியைத் தவறவிட்டால் கூட்டத்தில் பாதிப் பேர் பள்ளத்தில் நிற்பார்கள், மீதிப் பேர் பறப்பார்கள்.

திதி கொடுக்க வந்தவர்கள், தலை மழித்தவர்கள், ஈரப் புடவையில் கரையேறுபவர்கள் எல்லாம் இங்கே இருப்பார்கள். யாரையும் முகம் தெரியும்படி வரையாதீர்கள், வெறித்துப் பார்க்காதீர்கள். சுற்றி நாலு பேர் கூடி "என்ன விலை சார்?" என்று கேட்பார்கள். சிரித்துவிட்டுக் கையை நிறுத்தாமல் இருப்பதுதான் வழி. பதில் சொல்ல ஆரம்பித்தால் வாஷ் காய்ந்துவிடும்.

வாஷ்

மை காய்ந்ததும் பென்சிலை அழித்துவிட்டு, புத்தகத்தை அட்டையோடு உங்கள் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளுங்கள். வண்ணத்தின் பதத்தைச் சமையலறைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்: நீர்மோர், மோர், தயிர். முதல் வாஷ் நீர்மோர், நிழல் மோர், கடைசிப் பொட்டுகள் மட்டும் தயிர்.

வானம் கோபால்ட் நீலம், நீர்மோர்ப் பதம். வேண்டும் என்று தோன்றுவதைப் போல் இரண்டு பங்கு கலந்து வையுங்கள். நடுவில் தீர்ந்து மறுபடி கலக்கும் அரை நிமிடத்தில் விளிம்பு காய்ந்து கோடு விழுந்துவிடும். பெரிய பிரஷால் மேல் மூலையிலிருந்து ஆரம்பித்து, அடியில் திரளும் ஈர முத்தைக் கீழே கீழே இழுத்து வாருங்கள். கோபுரத்தின் வெயில் ஓரத்தில் வானம் நின்றுவிட வேண்டும். நிழல் ஓரத்தில் கொஞ்சம் உள்ளே போனாலும் பாதகமில்லை. கீழே வரும்போது தண்ணீர் சேர்த்து வெளுக்க விடுங்கள். போன இடத்துக்குத் திரும்பப் போகாதீர்கள்.

காய்ந்ததா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்க்கவேண்டாம். புறங்கை விரலை மெல்ல வையுங்கள், தாள் சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் இதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகலாம். கத்திரி வெயிலிலோ, பிரஷை எடுக்குமுன் காய்ந்துவிடும். அப்போது தாளை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துக்கொண்டு பூசுங்கள்.

அடுத்து கோபுரம் முழுக்க யெல்லோ ஆக்கர், வடிகஞ்சியில் ஒரு சிட்டிகை மஞ்சள் விழுந்தது போல் அவ்வளவு மெலிதாக. வெயில் பக்கத்தில் இரண்டு மூன்று இடம் வெள்ளையாகவே தப்பிக்கட்டும். அது காய்ந்த பிறகுதான் நிழல்: மூன்று பங்கு அல்ட்ராமரைன், ஒரு பங்கு பர்ன்ட் சியன்னா, மோர்ப் பதம். நிழலைத் துண்டு துண்டாக வைக்காதீர்கள். சிகரத்தின் நிழல் பக்கத்தில் பிரஷை வைத்து, அதே ஈரத்தோடு ஒவ்வொரு கொடுங்கைக்கும் கீழே ஒரு நாக்கு நீட்டி, கல் பகுதி வழியாக வாசல் இருட்டுக்குள் போய், தெருவில் நிற்பவர்களின் கால்நிழல் வரை ஒரே ஓட்டமாக இறக்குங்கள். பாதி வழியில் கொஞ்சம் லைட் ரெட்டைத் தொட்டு விட்டால், வெயில் தரையிலிருந்து மேலே அடிக்கும் சூடு அந்த நிழலில் தெரியும். இந்த ஒரு வாஷில்தான் கோபுரம் எழுந்து நிற்கிறது. அதற்கு முன்பு வரை அது கோடுதான்.

நிழல் பிடிக்கவில்லை என்று ஈரத்திலேயே தேய்த்துத் திருத்தினால் சேறாகும். காயவிட்டு, இன்னொரு மெல்லிய வாஷ் மேலே கொடுங்கள். அதிகபட்சம் மூன்று அடுக்கு.

கடைசியாகக் காவி வேட்டிக்கு ஒரு பொட்டு, புடவைச் சிவப்புக்கு இரண்டு, பச்சைக்கு ஒன்று. வெள்ளை வேட்டிக்குத் தாளே வெள்ளை. ஈரம் இருக்கும்போது பேனாவைத் திரும்ப எடுக்காதீர்கள். மை பரவுவது ஒருபுறம், முனை நாரில் வண்ணம் ஏறிப் பேனாவே போய்விடும்.

திரும்பி உட்கார்ந்து கடல்

இந்தப் பக்கக் கடலைப் பெண் கடல் என்பார்கள், அலை அடங்கியது. தனுஷ்கோடிப் பக்கம் பொங்குவது ஆண் கடல். ஆகவே இங்கே நுரையும் சுருளும் வரையாதீர்கள். மூன்று படுக்கைப் பட்டைகள் போதும்: கரையோரம் குளிப்பவர்கள் கலக்கிய மண் நிறம், அடுத்தது வெளிர்ப் பச்சை, தூரத்தில் நீலம். தொடுவானத்தைப் பேனாவால் இழுத்தால் மின்கம்பி மாதிரி தெரியும். பிரஷ் விளிம்பே தொடுவானமாக இருக்கட்டும். குளிப்பவர்கள் காலை வெளிச்சத்துக்கு எதிரே வெறும் கருநிழல்கள், நீர்மட்டத்தில் அறுபட்ட அரை உருவங்கள்.

படகு வேண்டுமென்றால் வடக்கே நடந்து விசைப்படகுத் துறைக்குப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும், சில கரையேறி மராமத்தில் இருக்கும். பாதி வரையும்போது படகு கிளம்பிவிடுமோ என்ற பயம் இல்லாமல் வரைய அந்த இரண்டு மாதம்தான்.

முடித்த பிறகு

ஈர வாஷில் மணல் ஒட்டினால் உடனே துடைக்காதீர்கள், தாள் கீறும். முழுக்கக் காய்ந்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து முதுகில் இரண்டு தட்டு. பக்கங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து, அறைக்குப் போனதும் ஃபேனுக்குக் கீழே ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். கடலோர ஈரத்தோடு பையில் அடைத்துவைத்தால் சில வாரத்தில் பூஞ்சைப் புள்ளி விழும். தாள் நெளிந்திருந்தால் பின்பக்கத்தை லேசாக ஈரப்படுத்தி, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓரிரவு.

படத்தின் ஓரத்தில் தேதி, மணி, எந்தத் திசை பார்த்தது, எங்கே உட்கார்ந்தது என்று நாலு வார்த்தை எழுதிவையுங்கள். முடியாமல் போனால் மறுநாள் அதே மணிக்கு அதே இடத்துக்கு வரலாம், நிழல் விட்ட இடத்திலேயே இருக்கும். ஒரு மாதம் கழித்து வந்தால் இருக்காது.